தொட்டிக்குள் ஒரு பெரட்டு

புந்தோங்கில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்புறம், ஓர் எண்ணெய்த் தொட்டியைச் சுற்றி ஆட்கள் குந்தியிருந்தார்கள். லாரி நீளத்துக்குத் தொட்டி. மேலே ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வட்ட வாய். உள்ளே சன்னாசி இருந்தான். கம்பிப் பிரஷால் துருவைத் தேய்க்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு "தொறங்க! தொறங்க லா!" என்று தொட்டியே அதிர்ந்தது.

வேலைக்கு ஆள் எடுக்க வந்த ஏஜெண்டு ஜெயபாலன் மூடியை நகர்த்தினான். வெளியே வந்த சன்னாசி யார் முகத்தையும் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"சிங்கப்பூர்ல கப்பல் வயித்துக்குள்ள எறங்கி சொரண்டணும். நான் தட்டுற வரைக்கும் உள்ள இருந்தா வேல உண்டு. இல்லாட்டி வீட்டுக்குப் போலாம்," என்றான் ஜெயபாலன்.

நவமணி தன் புருஷனைப் பார்த்தாள். பத்துமலைக்கு நெற்றி வேர்த்திருந்தது. எழுபத்தெட்டில் சிலிம் ரிவர் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது இருவருக்கும் வேலை போனது. புந்தோங்குக்கு வந்தும் நிலையாக ஒன்றும் அமையவில்லை. இதுவும் கிடைக்காவிட்டால் வாடகை அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். ஆனால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில்கூடக் கதவைத் திறந்து போட்டுத் தூங்கியவன் அவன். மூடிய இடம் என்றால் நெஞ்சை அடைக்கும். ஊரில் எவருக்கும் அது தெரியாது, அவளுக்குத் தெரியும்.

"ஏன் தம்பி, அந்தத் தீவுல ஈயம் இருக்கா? ரப்பர்?" என்று பத்துமலை நேரத்தைக் கடத்தக் கேட்டான்.

"ஒரு மண்ணும் இல்ல. உலகத்துக் கப்பலெல்லாம் அங்க வந்து நிக்கும். கழுவி, சொரண்டி, ரிப்பேர் பண்ணி அனுப்புவாங்க. கைவேலையத்தான் விக்குறாங்க."

"யாரு கை?" என்றாள் நவமணி.

ஜெயபாலன் சிரித்தான். "அதுக்குத்தானே அக்கா இங்க வந்துருக்கேன்."

பத்துமலை இறங்கினான். காற்றுக்கு ஒரு செங்கல்லை இடுக்கி மூடியைப் போட்டார்கள். பிரஷ் சத்தம் முதலில் சீராகக் கேட்டது, பிறகு விட்டுவிட்டு வந்தது, பிறகு நின்றது.  நவமணி எழுந்து ஓடித் தொட்டியோடு வாயை வைத்துக் கத்தினாள்.

"பெரட்டு! செல்லாயி!"

தோட்டத்தில் விடியுமுன் ஆட்களைக் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அந்த வரிசை அவளுக்கு மனப்பாடம்.

மறுபடி கத்தினாள்.

"செல்லாயி!"

"வந்தாச்சு!" உள்ளிருந்து நடுங்கும் குரல்.

"மாயாண்டி!"

"வந்தாச்சு!" பிரஷ் மெல்ல நகரத் தொடங்கியது.

"ராமையா!"

"அவருதான் போன வருசமே செத்துட்டாரே லா!"

குந்தியிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நவமணி சிரிக்கவில்லை. வரிசையில் அடுத்த பேர் அவனுடையது. கல்யாணமான நாள் முதல் அவள் சொல்லாத பேர். 'இந்தாங்க' என்பாள், 'புள்ளயோட அப்பா' என்பாள். இத்தனை ஆம்பிளைகள் முன்னால் எப்படிச் சொல்வது?

பிரஷ் மறுபடி நின்றது. "நவமணி?" உள்ளே குரல் உடைந்தது. "இருக்கியா?"

"பத்துமலை!" என்றாள். போதாதென்று இன்னும் உரக்க, "பத்துமலை!"

"வந்துட்டேன்டி!" தொட்டி முழங்கியது. பிறகு அந்தப் பிரஷ் நிற்கவே இல்லை. ஜெயபாலன் தட்டியதுகூட அவன் காதில் விழாமல், மறுபடி தட்ட வேண்டியிருந்தது.

முகமெல்லாம் செந்தூள் அப்பியபடி, சிரித்துக்கொண்டே ஏறி வந்தான்.

"அடுத்த வாரம் பஸ்," என்றான் ஜெயபாலன். நவமணிக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான்.

"நானும் கூடப் போலாமா, தம்பி?"

"பெர்மிட்டு இவருக்கு மட்டுந்தான் அக்கா. குடும்பம் வரக் கூடாது."

"அப்ப அங்க இவரு பேர யாரு கூப்பிடுவா?"

"அங்க பேரெல்லாம் கூப்பிட மாட்டாங்க. நம்பர்தான்." ஜெயபாலன் சாக்பீஸை எடுத்துப் பத்துமலையின் சட்டை முதுகில் ஓர் எண்ணை எழுதினான்.

நவமணி முந்தானையால் புருஷனின் முகத்தைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். முதுகுக்கு வந்தபோது, எண் அழிந்துவிடாமல் அதைச் சுற்றித் துடைத்தாள்.