எதிரித் தெருக்காரரின் பிளாப்பி

ஸ்பெயினின் வலென்சியாவில் தெருவுக்குத் தெரு குழு சேர்ந்து கொண்டாடும் ஃபாயா திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம்தான். நாளைக் காலை குழுவின் கேலிப் பாட்டுப் புத்தகம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பாட்டு எழுதும் எம்பாரின் வீட்டு ஆம்ஸ்ட்ராட் கணினியோ அவளுடைய பிளாப்பியைப் படிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

தப்பு அவளுடையதுதான். பாட்டுகளைத் தட்டச்சு செய்தது மைத்துனரின் அலுவலகத்தில், இரண்டு டிரைவ் உள்ள இயந்திரத்தில், அதுவும் கீழ் டிரைவில். கீழ் டிரைவ் எழுதியதை மேல் டிரைவ் படிக்காது. அவள் வீட்டில் இருப்பது மேல் டிரைவ் மட்டும். மூன்று அங்குல பிளாப்பிகளைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மைத்துனரின் அலுவலகம் போன வாரம்தான் அலிகாந்தே நகருக்குக் குடிபோயிருந்தது.

வலென்சியாவின் அந்தப் பகுதியில் இரண்டு டிரைவ் வைத்திருந்தவர் ஒருவர்தான். பக்கத்துத் தெருக் குழுவுக்குப் பாட்டு எழுதும் பெர்னத். போதாத காலம், அவரைத்தான் பன்னிரண்டு வரியில் கிழிகிழியென்று கிழித்திருந்தாள். எதிரித் தெருவைக் கேலி செய்யாத புத்தகத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

வெட்கத்தை விட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பெர்னத் பிளாப்பியைக் கீழ் டிரைவில் போட்டு, திரையில் வந்ததை நிதானமாகப் படித்தார்.

"என் மூக்கைப் பத்தி நாலே வரிதானா? என் பொண்டாட்டிகிட்ட கேட்டிருந்தா நாப்பது வரி குடுத்திருப்பாளே."

"வேணாம்னா எடுத்துடறேன் ஐயா."

"எடுத்தா காப்பி பண்ணித் தர மாட்டேன். உங்க தெரு என்னை மறந்துடுச்சுன்னு எங்க ஆளுங்களே சிரிப்பாங்க."

காப்பி எடுக்க மேல் டிரைவுக்கான பிளாப்பி ஒன்று வேண்டும். கடைகளில் ஒரு மாதமாக அது கிடைக்கவில்லை. பெர்னத் தன்னுடையதையே எடுத்தார்.

"இதுல ஒரு பக்கம் காலி. மறுபக்கத்துல எங்க புத்தகம் இருக்கு. திருப்பிப் போட்டா உங்களைப் பத்தி நான் எழுதினது மொத்தமும் தெரிஞ்சுடும்."

"என்னை நம்பியா குடுக்கறீங்க?"

"நாளைக்கு அச்சகம்ங்கறே. வேற பிளாப்பி எங்கிட்ட இல்லை. நம்பாம என்ன செய்ய, சொல்லு."

வீட்டில் அவளுடைய குழுத் தலைவர் சீமோ காத்திருந்தார். மேல் டிரைவில் பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தபோது எம்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. பெர்னத் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்தாள்.

நடந்ததைக் கேட்டதும் சீமோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "திருப்பிப் போடு எம்பார். அவங்க கேலிக்கு இப்பவே பதில் எழுதிடலாம்."

"மாட்டேன்."

"அட, விளையாட்டுதானே."

"உங்களுக்கு விளையாட்டு. அவர் என்னை நம்பிக் குடுத்திருக்காரு."

சீமோ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அவள் பாட்டுகளின் கடைசிப் பக்கத்துக்குப் போய் மூன்று வரி சேர்த்தாள். எட்டிப் பார்த்த சீமோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எதிரித் தெருக்காரனுக்கா? நம்ம ஆளுங்க உன்னைச் சும்மா விட மாட்டாங்க."

"திட்டட்டும். வாங்கிக்கறேன்."

அந்த வருஷப் புத்தகம் இப்படித்தான் முடிந்தது: "பெர்னத்தை மனம்போலக் கிழித்திருக்கிறோம். அவர் இல்லையென்றால் இந்தப் புத்தகமே இல்லை. அவருக்கு எங்கள் நன்றி."