சீல் பார்த்த கப்பல்

அந்தக் கப்பலில் எனக்குக் கொடுத்திருந்த பதவி, பண்பாட்டுத் தூதர். வேலை என்னவென்றால், தினமும் காலையில் எங்கள் கிரீன்லாந்துக் கல்யாண உடையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு அறை வாசலில் சிரித்தபடி நிற்பது. மணி கோத்த கழுத்துப் பட்டை, சீல் என்கிற கடல்நாயின் தோலில் தைத்த கால்சட்டை, தொடை வரை வரும் தோல் பூட்ஸ். ஜூலை மாதத்தில் அதற்குள் வியர்த்துக் கொட்டும். ஆர்க்டிக்கில் வியர்க்கும் என்று பயணிகளுக்குத் தெரிந்தால் காசைத் திருப்பிக் கேட்பார்கள். அதனால் நான் சொல்வதில்லை. கோடை முடிந்தால் மீன் தொழிற்சாலை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவள் நான் என்பதையும் சொல்வதில்லை.

அவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு ஜாக்கெட். சுற்றுலா என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். இது சாகசப் பயணமாம். முதுகு பிடித்துவிட ஆளும், வெந்நீர்த் தொட்டியும், பாலாடைக்கட்டிக்கென்றே தனியாக ஒரு சமையல்காரரும் கூட வந்த சாகசம். அதற்குத் தலைவர் ட்ரூல்ஸ் என்ற டென்மார்க்காரர். முன்பு சமையலறை அலமாரி விற்றுக்கொண்டிருந்தவர். தாடி வளர்த்ததும் தலைவராகிவிட்டார். ஒலிபெருக்கியில் பேசும்போதுகூட ரகசியம் சொல்வது போலத்தான் பேசுவார்.

அன்று எங்கள் அக்கா ஊருக்குப் பக்கத்து ஃபியோர்டுக்குள், மலைகளுக்கு நடுவே நீளும் கடல் கழிக்குள், போய்க்கொண்டிருந்தோம். மறுநாள் அந்த ஊரில் இறங்குவதாகத் திட்டம். வழியில் ஒரு பனித்தட்டின் மேல் சீல் ஒன்று படுத்திருந்தது. கேப்டன் எஞ்சினை நிறுத்தினார். கப்பலே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் போல மொத்தப் பேரும் கம்பி ஓரம் வந்து நின்றார்கள்.

"யாரும் பேசாதீங்க," என்று ட்ரூல்ஸ் ஒலிபெருக்கியில் கிசுகிசுத்தார். "அது நம்மளத்தான் பாக்குது."

உண்மையிலேயே பார்த்தது. தலையைத் தூக்கி, மீசையைச் சிலிர்த்துக்கொண்டு, கண் இமைக்காமல் பார்த்தது. மார்லீஸ் என்கிற ஹாலந்து அம்மாள், ஓய்வு பெற்ற வக்கீல், கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ அதற்கு சோஃபி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வரிசையில் ஒவ்வொரு வாயாகப் போய்க்கொண்டிருந்தபோது வெடிச் சத்தம் கேட்டது.

சோஃபியின் தலை மெல்லச் சாய்ந்தது.

பனிமலைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன மோட்டார் படகு வந்தது. அதிலிருந்தவர் கொக்கியை மாட்டி சீலை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்து மரியாதையாகக் கையைத் தூக்கினார். மஞ்சள் தொப்பியைப் பார்த்ததுமே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

மேல்தளத்தில் அழுகையும் திட்டுமாக இருந்தது. போலீசைக் கூப்பிடுங்கள் என்றார் மார்லீஸ். அந்தப் பக்கத்து ஒரே போலீஸ்காரரும் விடுமுறையானால் இதே படகில்தான் வேட்டைக்குப் போவார்.

"நிவி, அந்த ஆளு யாருன்னு தெரியுமா?" என்றார் ட்ரூல்ஸ்.

"என் அக்கா புருஷன், எனோக்."

ட்ரூல்ஸ் என்னைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார். பிறகு யோசித்து, என்னை ரப்பர் படகில் ஏற்றி எனோக்கின் படகுக்கு அழைத்துப் போனார். பயணிகளிடம் எதையும் மறைக்கக் கூடாதாம். அதனால் நான் மொழிபெயர்ப்பதை வாக்கிடாக்கி வழியாக மேல்தளத்து ஒலிபெருக்கியில் கேட்கும்படி செய்துவிட்டார்.

எனோக் மாமா கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் உடையை மேலும் கீழும் பார்த்தார்.

"வா மச்சினி. யாருக்குக் கல்யாணம்?"

"சும்மா இருங்க மாமா. அவங்க எல்லாம் உங்க மேல பயங்கரக் கோவத்துல இருக்காங்க."

"எதுக்கு, பங்கு கேக்குறாங்களா?"

ட்ரூல்ஸ் குறுக்கிட்டார். "கப்பல் நிக்கிறது தெரிஞ்சும் ஏன் சுட்டார்னு கேளுங்க."

கேட்டேன். மாமாவுக்கு அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

"தெரிஞ்சதாலதான் சுட்டேன். காலையிலேர்ந்து இது பின்னால அலையிறேன். கிட்ட போனா டக்குனு தண்ணிக்குள்ள போயிடும். உங்க கப்பல் வந்து நின்னுச்சு பாரு, வாயப் பொளந்துட்டு அதையே பாத்துட்டுக் கெடந்துச்சு. நான் பின்னால வந்ததே தெரியல. ரொம்ப நன்றின்னு சொல்லு. அடுத்த வாரமும் வரச் சொல்லு."

கொஞ்சம் பூசி மெழுகலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மேல்தளத்தில் மார்லீஸ் நின்றது கண்ணில் பட்டது. முதல் நாள் என் சீல் தோல் கால்சட்டையைத் தடவித் தடவி, எவ்வளவு மிருது, எவ்வளவு மிருது என்று போட்டோ எடுத்துக்கொண்டவர். ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னேன். நீங்கள் நின்று உதவாவிட்டால் இது கிடைத்திருக்காதாம், நன்றி சொல்கிறார், அடுத்த வாரமும் வருவீர்களா என்று கேட்கிறார்.

ஆரஞ்சு வரிசையில் கேமராக்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

மதியம் ஆட்டுக்குட்டி வறுவல். எல்லோரும் சோகமாகச் சாப்பிட்டார்கள், இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அப்புறம் கூடத்தில் கூட்டம் போட்டு, கொலைகாரனின் ஊரில் கால் வைப்பதில்லை என்று பாதிப் பேர் முடிவெடுத்தார்கள். ட்ரூல்ஸ் பனிமலையிலிருந்து வெட்டிய பனிக்கட்டி போட்டு எல்லோருக்கும் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார். மார்லீஸ் மட்டும், நான் இறங்கத்தான் போகிறேன், அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொல்லப் போகிறேன் என்றார்.

மறுநாள் அக்கா பிபியானே கப்பலில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேக் சுட்டு வைத்திருந்தாள். காபி விருந்துக்கு ஊரில் அவள் வீட்டைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். பயணிகள் வருவதற்கு முன்னால் ஊராட்சித் தலைவர் யென்ஸ்-ஊலெ வந்து சேர்ந்தார். உடம்பில் கப்பல்காரர்கள் கொடுத்த ஆரஞ்சு ஜாக்கெட்.

"எனோக், கப்பல் நிக்கிறப்ப அந்த முனைக்குப் பின்னால போய்ச் சுட்டா என்ன? நம்ம ஊரு பேரு என்ன ஆவறது?"

"சீல் முன்னாலதானே இருந்துச்சு."

"வெளையாடாத. இன்னைக்கு அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுடு. ஒரு வார்த்தைதானே."

மாமாவுக்குக் காது சிவந்துவிட்டது. கப்பலிலிருந்து வந்த அத்தனை வசவுக்கும் சிரித்தவர், அந்த ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். யென்ஸ்-ஊலெ அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். சின்ன வயதில் இரண்டு பேரும் அதே இடத்தில்தான் சுட்டுப் பழகினார்கள்.

மார்லீஸ் வந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்று பேசினார். நான் மொழிபெயர்த்தேன்.

"அதுக்கும் ஒரு குடும்பம் இருந்திருக்கும்னு நெனச்சுப் பாத்தீங்களா?"

"எனக்கும்தான் இருக்கு. தோ, உக்காந்து கேக் தின்னுட்டு இருக்கு."

"உங்களுக்கு வருத்தமே வராதா?"

மாமா உண்மையாகவே யோசித்தார். "தப்பிச்சுப் போனா வரும்," என்றார். பிறகு என்னிடம், "அந்தம்மா நிக்கிதே, உக்காரச் சொல்லு. பிபியானே, காபி குடு," என்றார்.

மார்லீஸ் உட்கார்ந்தார். காபியைக் குடித்தார். உலர்திராட்சை போட்ட கேக்கில் மூன்று துண்டு சாப்பிட்டார். கண்டனத்தைத் தெரிவித்துவிட்டதாகச் சொல்லிக் கிளம்பினார். மாமா கடைசிவரை மன்னிப்பு கேட்கவில்லை. மீந்த கேக்கை ஊர் முழுக்கக் கொடுத்தும் தீரவில்லை, நாய்களுக்கும் போட்டோம்.

நான் அந்தக் கோடையோடு கப்பல் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். நிறுவனம் என்னை மறுபடி கூப்பிடவும் இல்லை. ஆனால் மாமாவைக் கூப்பிட்டார்கள். அடுத்த வருடம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது ட்ரூல்ஸே அங்கே வந்தார். பாரம்பரிய வேட்டைக்காரரைக் கண்ணாரக் காணலாம் என்று விளம்பரம் போட்டுவிட்டார்களாம். கப்பல் வரும் நாளில் துப்பாக்கியோடு படகில் ஒரு சுற்று வந்தால் போதும். சுட மட்டும் கூடாது.

"சுடலேன்னா அப்புறம் என்ன வேட்டை?" என்று அக்கா கேட்டாள்.

ட்ரூல்ஸ் தாடியைத் தடவிக்கொண்டு, "அனுபவம்தான் முக்கியம்," என்றார்.

மாமா அவரை வெளியே துரத்திவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், பெட்ரோல் செலவு யாருடையது என்று கேட்டார்.

இப்போது கோடை முழுக்கப் போகிறார். கப்பல் வந்து நின்றதும் பனிமலைக்குப் பின்னாலிருந்து வருகிறார், குறி பார்க்கிறார், சுடாமல் துப்பாக்கியை இறக்குகிறார், கையசைக்கிறார். மேல்தளத்தில் கைதட்டுகிறார்கள். யென்ஸ்-ஊலெ கரையிலிருந்து பைனாகுலரில் பார்க்கிறார். கப்பல் வருகிற நாட்களில் வீட்டுக்கு சீல் கறி வருவதில்லை, அக்கா ஊர்க் கடையிலிருந்து உறைந்த கோழி வாங்கி வந்து சமைக்கிறாள். தட்டை மாமா முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.