மூன்று விரல்

"பல்ஸ் இருக்குதுங்க அண்ணி! இருக்குது!" என்று வான்மதி கத்தினாள். கட்டிலோரம் மண்டியிட்டு, மாமனாரின் கையைத் தன் கையில் ஏந்தி, மணிக்கட்டின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தாள்.

நாகமணி கஞ்சிக் கிண்ணத்தோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா போய்விட்டார் என்பது அங்கிருந்தே தெரிந்தது. வாய் திறந்திருந்தது. மூக்கு கூர்ந்து, முகம் மெழுகு நிறமாகியிருந்தது. நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கோயம்புத்தூரில் படித்த காலத்தில் வார்டு வார்டாக இந்த முகத்தைப் பார்த்தவள் அவள். ஆனாலும் அவள் கண் அப்பாவின் முகத்தில் நிற்காமல் நேரே தம்பி மனைவியின் கட்டைவிரலுக்குத்தான் போனது. பெற்ற தகப்பன் செத்துக் கிடக்கும்போது இப்படியும் ஒரு பார்வையா என்று யாரும் கேட்கலாம். அப்படித்தான் பார்த்தாள்.

கட்டைவிரலை வைத்து நாடி பார்க்கக் கூடாது. கட்டைவிரலுக்குள்ளேயே ஒரு நாடி ஓடுகிறது. கட்டைச் சுவரைப் பிடித்தாலும் அது துடித்துக் காட்டும். மெடிக்கல் காலேஜில் முதல் சில நாட்களிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

வான்மதிக்கு அந்த முதல் சில நாட்கள் இன்னும் வரவில்லை. ஆகஸ்டில்தான் வரப்போகிறது, அவள் சேருவதாக இருந்தால்.

அவளுக்கு வயது முப்பத்தேழு. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் என்ன ஆகுமோ என்று ஊரே பயந்துகொண்டிருந்த அந்த வருஷத்தில், கலிபோர்னியாவின் சான் ரமோனில் கைநிறையச் சம்பளம் வாங்கும் புரோகிராமர். வீட்டில் ஒரு பெண் குழந்தை, படுத்த படுக்கையாய் மாமனார். இத்தனைக்கும் நடுவில் சாயங்கால வகுப்புக்குப் போய் கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் படித்து, நுழைவுத் தேர்வு எழுதி, மெடிக்கல் காலேஜில் சீட்டும் வாங்கிவிட்டாள். சேருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். இன்று ஞாயிறு. இன்னும் சொல்லவில்லை. "அண்ணி என்ன சொல்றாங்களோ அதாங்க. டாக்டருக்குப் படிச்சவங்க அவங்கதான்" என்று கணவனிடம் சொல்லியிருந்தாள். நாகமணியோ கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம், பாக்கலாம்" என்றே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

என்னத்தைப் பார்ப்பது? நாகமணி எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு கல்யாணமாகி இங்கே வந்தவள். இந்த ஊரில் டாக்டராக இருக்க வேண்டுமானால் மறுபடி பரீட்சை எழுதி, பிறகு ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி என்னும் பயிற்சிக்கு இடம் பிடிக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளையோடு பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினாள். இடம்தான் கிடைக்கவில்லை. வருஷா வருஷம் போய்க் கேட்டாள். வருஷா வருஷம் பல்லைக் காட்டிச் சிரித்து அனுப்பிவைத்தார்கள். இப்போது பக்கத்து ஊரான பிளசன்டனில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறாள். "நரம்பு கெடைக்காத கேஸுக்கெல்லாம் இவளத்தான் கூப்பிடுவாங்க" என்று அவள் கணவர் பார்ட்டிகளில் பெருமையடிப்பார். அவளுக்கு எழுந்து போய் காரில் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருக்கும்.

அப்பா ஒருவர்தான் அவளை விடாமல் டாக்டராகவே வைத்திருந்தார். கோயிலில் யாரைப் பார்த்தாலும், "இது என்ற பொண்ணுங்க, டாக்டரு" என்பார். அதெல்லாம் போன வாரம் வரைக்கும்தான். போன வாரம் வான்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்மூட்டுக்கும் ஒரு டாக்டரு வந்தாச்சு. இனி எனக்கென்ன கவலை" என்றார். நாகமணி அப்போது பக்கத்தில் நின்று அவருடைய மாத்திரையை இரண்டாக உடைத்துக்கொண்டிருந்தாள். வந்தாச்சாம். அப்படியானால் இத்தனை காலம் இருந்தவள் யார்? அன்றைக்கு எரியத் தொடங்கிய வயிறு இன்னும் அணையவில்லை.

தோட்டத்தில் இருந்த தம்பி மயில்சாமி சத்தம் கேட்டு ஓடிவந்தான். "பல்ஸ் இருக்குதா? நான் நைன் ஒன் ஒன் கூப்பிடறேன்!"

"வேண்டாம்டா" என்றாள் நாகமணி. "அப்பா போயிட்டாரு. ஹாஸ்பிஸ் நர்ஸுக்கு போன் பண்ணு."

"வான்மதி பல்ஸ் இருக்குதுங்கறா!"

"நான் சொல்றனல்ல?"

"நீ இதையெல்லாம் உட்டு எத்தன வருஷமாச்சுக்கா? அவ இப்பத்தான் எல்லாம் படிச்சிட்டிருக்கறா." கார்ட்லெஸ் போன் அவன் கையில் ஏறிவிட்டது. அவன் மகள் ரோஷினி பின்னால் வந்து நின்று, "இஸ் தாத்தா ஓகே, மாம்?" என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தால் விட மாட்டார்கள். நெஞ்சை அழுத்துவார்கள், அப்பாவின் விலா எலும்பெல்லாம் நொறுங்கும். பிழைக்க வழியில்லாதவர்களை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் அந்த ஹாஸ்பிஸ் நர்ஸ் இதை முன்பே சொல்லி, எங்களை மட்டும் கூப்பிடுங்கள் என்று எச்சரித்திருந்தாள். நாகமணி கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய், அப்பாவின் கழுத்தோரம் விரல்களை வைத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அது அப்பா பல்ஸ் இல்ல வான்மதி. உன்னோடது. கட்டவெரல எடு."

வான்மதி புரியாமல் விழித்தாள்.

"கட்டவெரல வெச்சு யாராவது பல்ஸ் பாப்பாங்களா? இதுகூடத் தெரியாமத்தான் டாக்டருக்குப் படிக்கப் போறயாக்கும்?"

கடைசி வார்த்தை தேவையே இல்லை. தம்பியும் குழந்தையும் கேட்க, வேண்டுமென்றேதான் குரலை உயர்த்தினாள். சொல்லும்போது இனித்தது. விரல் அப்பாவின் கழுத்தில் இருக்கும்போதே இனித்தது.

வான்மதி சுட்டுக்கொண்டவள் மாதிரி விரலை எடுத்தாள். மாமனாரின் கையை மெதுவாகப் போர்வையின் மேல் வைத்தாள். அதற்குப் பிறகுதான் மயில்சாமிக்கு அழுகை வந்தது. போனைக் கையில் பிடித்தபடியே, "அப்பா, அப்பா" என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

நாகமணி அழவில்லை. தம்பியிடமிருந்து போனை வாங்கி நர்ஸைக் கூப்பிட்டாள். அப்பாவின் கண்களை மூடிவிட்டாள். வேட்டியின் ஓரத்தைக் கிழித்து நாடிக்கட்டுக் கட்டினாள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். நர்ஸ் வந்து பார்த்துச் சொல்லும் வரைக்கும் இந்த நாட்டுச் சட்டப்படி அப்பா இன்னும் சாகவில்லை. நாகமணி சொன்னால் செல்லாது.

சமையலறையில் வான்மதி கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு காலேஜுக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிப்போடறேனுங்க அண்ணி."

நாகமணி துண்டை எடுத்து ஒரு தட்டைத் துடைத்தாள்.

"செத்தவரு கையப் புடிச்சிட்டு உசுரு இருக்குதுன்னு கத்துனனே. பாவம், உங்க தம்பி எப்பிடி நம்பிட்டாரு பாத்தீங்களா? நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுலயும் இப்பிடிக் கத்துனா என்ன பண்றது? எனக்கெல்லாம் எதுக்குங்க இது? ரோஷினியோட ஸ்கூல், சாக்கர்னு இருந்துக்கறேன்."

நாகமணி இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தது இதோ தானாகவே கைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்து தடுக்கக்கூட வேண்டாம். ஒரு "ம்" போதும். பழியும் அவள் மேல் வராது.

"ம்" என்றாள் நாகமணி. தட்டை அடுக்கில் வைத்தாள்.

நர்ஸ் வந்தாள். சிவந்த கன்னத்தோடு, பேத்தி எடுத்த வயதுக்காரி. காலணியை வாசலில் கழற்றச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளில் அவளுக்கே பழகியிருந்தது. அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்து மூன்று விரல்களை வரிசையாக வைத்தாள்.

நாகமணி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெதஸ்கோப் கழுத்தில் தொங்கும் கனம் ஞாபகத்துக்கு வந்து, அவள் வாயில் எச்சில் ஊறியது. பசித்தவள் அடுத்தவர் இலையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். தற்செயலாகத் திரும்பியபோது, கட்டிலுக்கு அந்தப் பக்கம் வான்மதி நின்றிருந்தாள். அழுது வீங்கிய முகம். அவளும் அந்த மூன்று விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானைக்கு மறைவில் அவளுடைய கை, தன் இன்னொரு மணிக்கட்டில் அதேபோல மூன்று விரல்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சற்று முன் வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான்.

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னாள். அப்பாவின் கண்களை மூடித் தாடையைக் கட்டியிருப்பதைக் கவனித்து, நன்றாகச் செய்திருக்கிறீர்கள், வீட்டில் யாராவது மருத்துவத் துறையில் இருக்கிறீர்களா என்று கேட்டாள்.

மயில்சாமி வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். நர்ஸ் சற்று நின்றுவிட்டு, உடலை எடுத்துப்போகும் ஃபியூனரல் ஹோமுக்கு போன் பண்ண ஹாலுக்குப் போனாள். மயில்சாமியும் பின்னாலேயே போனான்.

அறையில் இரண்டு பெண்களும் நடுவில் அப்பாவும் மட்டும் இருந்தார்கள்.

நாகமணிக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஸ்வெட்டரின் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டாள். அப்பாவின் மேலாகக் கையை நீட்டினாள்.

"இந்தா, புடி."

வான்மதி தயங்கினாள். நாகமணியே அவள் விரல்களைப் பிடித்து, கட்டைவிரலை ஒதுக்கி, மற்ற மூன்றையும் தன் மணிக்கட்டில் வைத்தாள்.

"அழுத்தாதே. சும்மா வெச்சு, தேடு."

வான்மதி தலையைக் குனிந்துகொண்டு தேடினாள். நேரமானது. ஹாலில் மயில்சாமி யாருக்கோ அப்பா பெயரின் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கெடச்சிருச்சுங்க அண்ணி" என்றாள் வான்மதி. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க, இவ்ளோ வேகமா ஓடுது?"

"ஓடும்."

"நாளைக்கு நான் காலேஜுக்கு..."

"மொதல்ல எண்ணு" என்றாள் நாகமணி.

வான்மதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் உதடுகள் மெல்ல அசைய ஆரம்பித்தன.