கதவிடுக்கில் ஒரு செருப்பு

மாத்தளைக்குள் நுழையும் இடத்திலிருந்த செக் பொயின்டில், ஆஸ்பத்திரி மெஷின் திருத்தப் போய்க்கொண்டிருந்த சுந்தரலிங்கத்தின் பையை ஆமிக்காரன் மேசையில் கவிழ்த்துக் கொட்டினான். வயர்த் துண்டுகள், மீற்றர், சின்னச் சின்ன சுவிட்ச்கள். 2007இல் ஒரு தமிழன் பையில் இத்தனை வயர் இருந்தால் சும்மா விடுவார்களா? பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு வரிசையில் நின்ற சனமெல்லாம் வேடிக்கை பார்க்க, ஒவ்வொன்றும் என்னவென்று சுந்தரலிங்கம் சிங்களத்தில் விளக்கினான். மோட்டார் சைக்கிளில் தூசிக்காக அவன் போட்டிருந்த செம்மஞ்சள் கண்ணாடியைக்கூட ஆமிக்காரன் கழற்றித் தன் மூக்கில் மாட்டிப் பார்த்தான். எங்கே எடுத்தது என்று கேட்டான். ஒஃபிஸில் கொடுத்தது என்றான் சுந்தரலிங்கம். ஆமிக்காரர்கள் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

காது இரண்டும் சுட, கண்ணாடியைப் பைக்குள் திணித்துக்கொண்டு கண் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தான். அவமானப்பட்டவன் அதை யார் தலையிலாவது இறக்கி வைக்கத்தான் பார்ப்பான். இவனும் அதற்கு விலக்கில்லை.

டொக்டர் கடுப்பில் இருந்தார். "உங்க மெஷின் என்னோட விளையாடுது மிஸ்டர் சுந்தரலிங்கம். பல்லேபொலையிலருந்து ஒரு அம்மா வாறாங்க, மஸூதான்னு. சீனி வருத்தம், டயபிட்டீஸ். வலது கண் போயிட்டுது. இடது கண்ணுக்குள்ள ரத்தம் கசியுது. போன கிழமையும் மெஷின் பாதியில நின்னுடுச்சு. இன்னைக்கும் லேசர் போடல்லன்னா அந்தக் கண்ணும் இல்ல."

மெஷின் நின்றபோதெல்லாம் 'இன்டர்லொக்' என்ற சிவப்பு விளக்கு எரிந்ததாம். அறைக்கதவின் மேலே ஒரு சுவிட்ச் உண்டு. கதவு கொஞ்சம் விலகினாலும் லேசர் தானாக நின்றுவிடும். திறந்துகொண்டு வருகிறவர் கண்ணில் கதிர் பட்டுவிடக்கூடாதே என்ற ஏற்பாடு அது. சுந்தரலிங்கம் கதவு வயரைக் கழற்றிவிட்டு, மெஷினின் பின்னால் ஒரு சோதனைப் பிளக்கைச் செருகினான். லேசர் ஒழுங்காக வேலை செய்தது. ஆக, கோளாறு கதவுப் பக்கம்தான். ஆனால் சுவிட்சைத் தட்டியும், வயரை இழுத்து ஆட்டியும், கதவைத் திறந்து மூடியும் பார்த்தால் அங்கேயும் ஒரு குறையும் இல்லை.

"பிளக்க அப்பிடியே விட்டுட்டுப் போங்களேன்" என்றார் டொக்டர்.

"முடியாது சேர். யாராவது கதவத் திறந்தா அவங்க கண்ணுக்கு யாரு பொறுப்பு?" பாதுகாப்பு விஷயத்தில் சுந்தரலிங்கம் மகா கறார். வயரைப் பழையபடி மாட்டிவிட்டு, அந்த அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, அவர் உள்ளே இருக்கும்போது கதவுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க நடைபாதை மூலையில் மறைந்து நின்றான்.

மஸூதா உள்ளே போனார். கதவு மூடியது. உள்ளே விளக்கணைந்ததும், அவருடைய கணவர் ஜைனுதீன் கதவருகே வந்து நின்றார். அக்கம்பக்கம் பார்த்தார். கதவை மெல்லத் தள்ளி, ஒரு செருப்பைக் கழற்றி இடுக்கில் வைத்தார்.

"ஆ! பிடிச்சேன்!" சுந்தரலிங்கம் பாய்ந்து வந்து செருப்பைத் தூக்கிக் காட்டினான். "எல்லாரும் பாருங்க! மெஷினுக்கு வந்த வருத்தம் இதுதான்!"

காத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவனுக்கு அது இனித்தது.

ஜைனுதீனின் முகம் செத்துப்போனது. "உள்ளுக்கு இருட்டு தம்பி. அந்நிய ஆம்புளயோட தனியா... கதவ முழுசா மூட வாணாமுன்டு அவதான் சொன்னா."

"இந்த வயசுல அவங்கள யாரு தூக்கிட்டுப் போகப்போறா?" என்று யாரோ கேட்க, மறுபடியும் சிரிப்பு.

கதவைத் திறந்துகொண்டு வந்த மஸூதாவின் காதில் அது விழுந்தது. முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டார். "வாங்க, போவோம்" என்றார். டொக்டர் கூப்பிடக் கூப்பிட, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

நர்ஸ் அழகம்மா சுந்தரலிங்கத்தை முறைத்தாள். "அந்த ஜைனுதீன் நானா மொதல் நாளே கேட்டாரு, நானும் உள்ளுக்கு இருக்கட்டுமான்னு. நான்தான் கூடாதுன்னேன். பக்கத்துல இருக்கிற ஆள் போடுறதுக்கு மெஷினோட ஒரு கண்ணாடி வந்திச்சே, செம்மஞ்சள் கலர்ல, அது போன வருசம் சர்வீஸ் நடந்ததிலருந்து காணோம். அது இல்லாம யாரையும் உள்ளுக்கு விட வேணாமுன்னு டொக்டர் சொல்லியிருக்காரு."

சுந்தரலிங்கம் குனிந்து பார்த்தான். சும்மாதானே கிடக்கிறது என்று போன வருடம் சர்வீஸுக்கு வந்தபோது இந்த அறை மேசை லாச்சியிலிருந்து அவன் எடுத்துப்போன கண்ணாடி, காலடியில் பைக்குள் கிடந்தது. பேசாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பும் வந்தது. வந்ததற்காக இன்னும் வெட்கப்பட்டான். கண்ணாடியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

பல்லேபொல பஸ் புறப்படத் தயாராக இருந்தது. இருவரும் முன் சீட்டில் இருந்தார்கள். மஸூதா முக்காட்டை இன்னும் விலக்கவில்லை.

"நானா, எறங்கி வாங்க. இதப் போட்டுக்கிட்டு நீங்களும் உள்ளுக்கு இருக்கலாம்."

ஜைனுதீன் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இல்லயின்டு தானே நர்ஸ் மிஸ் சொன்னா. எங்க இருந்திச்சி?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். தேடி எடுத்தேன் என்று சொல்லிவிடலாம். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினான்.

"எங்கிட்டத்தான் நானா. நான்தான் போன வருசம் களவா..."

ஜைனுதீன் சட்டென்று அவன் கையைப் பிடித்தார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி" என்றார், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "ஆக்கள் கேக்குறாங்க."

பிறகு மனைவியிடம் திரும்பி, பஸ் முழுவதற்கும் கேட்க, "கண்ணாடி கெடச்சிட்டாம் புள்ள. இந்தத் தம்பிதான் கொண்டு வந்திரிக்காரு. வா, எறங்குவோம்" என்றார்.

சுந்தரலிங்கம் தலை நிமிராமல் அவர்களுக்குப் பின்னால் நடந்தான்.