மூடியில் எழுதிய பெயர்

கோபம் வந்தால் அவளுக்குக் கணவன் மேல் மரியாதை கூடிவிடும். ஒரே வகுப்பில் படித்துக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பதால் வீட்டில் எப்போதும் 'நீ, வா, போ'தான். லேசாக முறைத்துக்கொண்டால் 'நீங்க' என்று மாறும். நிஜமாகவே பொங்கிவிட்டால் 'சார்'. அந்த வாரம் முழுக்க வீட்டில் 'சார்'தான் ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி வேணுமா சார்?"

"நான் என்னடி பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல சார். அங்க எல்லாத்தையும் பண்றது புயல்தானே? நேத்து சாப்பிடும்போது மட்டும் அவ பேரை எத்தனை தடவை சொன்னீங்க! நம்ம குட்டிப் பயகூடக் கத்துக்கிட்டான். 'பு... பு...'ங்கறான்."

"அவன் பூனையைச் சொல்றான்டி!"

அவன் முன் அவள் தண்ணீர் டம்ளரை வைத்த சத்தமே பதிலாக இருந்தது.

புயல் என்பது அவர்கள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு எல்லோரும் வைத்த பெயர். அவள் நடப்பதே ஓட்டம். பேசினால் எதிரில் இருப்பவர் மூச்சு வாங்க வேண்டும். பிள்ளை பெற்று, அவன் தத்தித் தத்தி நடக்கும்வரை வீட்டில் இருந்துவிட்டு இவள் வேலைக்குத் திரும்பியபோது, ஜன்னலோரத்தில் இவளுடைய மேசையில் புயல் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, இது உங்க இடமா? முன்னாடியே சொல்லிருந்தா எழுந்திருப்பேனே!" என்றாள், எழுந்திருக்காமலே. அந்த ஆய்வுக் குழுவின் தலைவனோ, அதாவது இவள் கணவன், பக்கத்தில் நின்று சிரித்தான். இவளுக்குச் சுவரோரம், குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை கிடைத்தது. அந்தக் குளிர்ப்பெட்டி நாளெல்லாம் உறுமிக்கொண்டே இருக்கும். இவளும்தான்.

அங்கே நடப்பது ஏழு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சி. எச்.ஐ.வி. இருப்பது தாமதமாகத் தெரியவந்து, எதிர்ப்புச் சக்தி இறங்கிப்போன நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் ரத்தத்தில் வேறு கிருமிகள் சுலபமாகப் புகுந்துகொள்ளும். அந்தக் கிருமிகளிடம் எந்த ஆன்டிபயாடிக் இன்னும் செல்லுபடியாகிறது, எது எடுபடவில்லை என்று எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி சோதித்துப் பார்ப்பார்கள். மற்ற மருந்துகள் கைவிட்டபின் கொடுக்கும் ஒன்றை 'பெரிய மருந்து' என்று இவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பெரிய மருந்துக்கே அசையாத கிருமி ஒன்றைப் புயல் கண்டுபிடித்துவிட்டாள். வார்டில் காய்ச்சலோடு கிடந்த ஒரு பஸ் டிரைவரின் ரத்தத்தில் வளர்ந்த கிருமி அது.

"பாவம்டி அந்த ஆளு" என்று கணவன் அன்று இரவு சொல்லியிருந்தான். "அவர் சம்சாரம் கட்டிலை விட்டு நகர மாட்டேங்குதாம். நர்ஸ் தண்ணி கொடுக்க வந்தாக்கூட, 'என் வீட்டுக்காரருக்கு நான் கொடுத்துக்கறேன், நீ போம்மா'ங்குதாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றாள் இவள்.

இப்படி ஒரு கிருமி அகப்பட்டால், வேறொருவர் முதலிலிருந்து சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது ஏழு நாடுகளுக்கும் பொது விதி. இரண்டும் ஒத்துப்போனால்தான் வார்டுக்கு முடிவு போகும். மற்ற நாடுகளுக்கு எச்சரிக்கை போகும்.

"நான் பண்றேன்" என்று முந்திக்கொண்டாள் இவள். கணவனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. மனைவிக்கு வேலையில் மறுபடி பிடிப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். ஆண்களுக்கு இப்படிச் சில சந்தோஷங்கள் சுலபமாகக் கிடைத்துவிடுகின்றன. புயலின் முடிவு தப்பாக இருக்க வேண்டும் என்று இவள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளாத குறைதான்.

சோதனை பெரிய கம்பசூத்திரம் இல்லை. கூழ் உறைந்தது போன்ற ஊட்டம் ஊற்றிய வட்டத் தட்டில் கிருமியைப் பூசி, நடுவில் மருந்து தோய்த்த சின்ன வில்லையை வைத்து, கதகதப்பான பெட்டிக்குள் விட்டுவிட வேண்டும். மருந்து வேலை செய்தால் மறுநாள் வில்லையைச் சுற்றி மொட்டை வளையம் இருக்கும். செய்யாவிட்டால் கிருமி பனி படர்ந்த மாதிரி வில்லைவரை வந்து முட்டிக்கொண்டு நிற்கும். கூடவே இன்னொரு தட்டில், இந்த மருந்துக்கு நிச்சயம் சாகிற பழைய கிருமி ஒன்றையும் வைப்பார்கள். அதற்கு 'சாது' என்று பெயர். சாதுவின் தட்டில் வளையம் வராவிட்டால் சோதனையிலேயே கோளாறு என்று அர்த்தம்.

தட்டில் பெயர் எழுதும்போது அடிப்பாகத்தில்தான் எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்களை இவள் இதற்காகவே வறுத்தெடுத்திருக்கிறாள். "மூடிக்கு ஏதுடி சொந்த ஊரு? எந்தத் தட்டுமேல வேணா போய் உட்காரும்."

அன்று பேனாவைத் திறந்தபோது கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். நடையில் காபி இயந்திரத்துக்கு அருகில் கணவனும் புயலும். அவன் கையில் கிரீம் பிஸ்கட். பெற்ற பிள்ளைக்கே யோசித்து யோசித்துப் பாதி கொடுக்கிறவன் அவன். புயல் எதையோ சொல்லிச் சிரித்தாள். அவன் கையிலிருந்த பிஸ்கட்டை அப்படியே உடைத்துப் பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். அவனும் சிரித்தான்! இவளுக்கு அடிவயிற்றில் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி இருந்தது. கை தன்பாட்டில் 'டிரைவர்' என்றும் 'சாது' என்றும் எழுதியது. இரண்டு மூடிகளையும் ஒருசேரத் திறந்து வைத்து, கிருமியைப் பூசி, வில்லைகளை வைத்து மூடினாள். கண் அப்போதும் கதவின் மேல்தான் இருந்தது.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்து, 'டிரைவர்' என்றிருந்த தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடி போலத் தெளிவான வளையம். பெயர் மூடியில் இருந்தது கண்ணில் பட்டது, மனதில் பதியவில்லை.

"சார், கொஞ்சம் வர்றீங்களா?" என்று ஆய்வகமே கேட்கக் கூப்பிட்டாள்.

அவன் பார்த்தான். புயலும் பார்த்தாள். முதல் தடவையாகப் புயல் மெதுவாகப் பேசினாள். "நான் மூணு தடவை செஞ்சு பாத்தேன் அக்கா."

"மூணு தடவையும் அவசரமா பாத்திருப்பே."

அதைச் சொன்னபோது கிடைத்த சுகம் இருக்கிறதே, ஐஸ் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. புயல் கைகழுவும் அறைக்குப் போய்விட்டாள்.

"சரி, ரெண்டும் ஒத்துப்போகாம முடிவு எழுதி அனுப்ப முடியாது. ஆனா வார்டு டாக்டர் காத்துக்கிட்டிருக்கார், வாயாலயாவது சொல்லணும்" என்றான் கணவன். "பழைய மருந்து ஒண்ணுக்கு மாத்தலாம்னு இருந்தார். அது இந்தக் கிருமியைக் கொல்லும், ஆனா கிட்னியைப் படுத்திடும். இனி அது வேணாம், பெரிய மருந்தையே தொடரட்டும். சொல்லிட்டு வந்துடறேன்."

அவன் தன் அறைக்குப் போனான். இவள் உதட்டுக்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே, குப்பையில் போடுவதற்காக இரண்டாவது தட்டையும் எடுத்தாள்.

பாட்டு நின்றது.

'சாது' தட்டில் வளையமே இல்லை. கிருமி வில்லைவரை அடர்த்தியாக வந்து முட்டிக்கொண்டிருந்தது. சாது ஒருநாளும் அப்படிச் செய்கிற ஜாதியில்லை. தட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடிப்பாகம் துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. பெயர் மூடியில் இருந்தது. இவள் கையெழுத்தில்.

சாதுவின் தட்டை இன்னும் பார்க்காமலே முடிவு சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வேண்டியது கிடைத்த சந்தோஷத்தில் மீதியைப் பார்க்கத் தோன்றவில்லை.

எதிரே கிருமிக் குப்பைக்கான பை வாயைத் திறந்துகொண்டு நின்றது. இரண்டையும் அதில் போட்டால் நீராவியில் வெந்து போய்விடும். ஒருத்தருக்கும் தெரியாது. புயல் அவசரக்குடுக்கை என்று பெயரெடுப்பாள்; ஜன்னலோர மேசைகூடத் திரும்பக் கிடைக்கலாம். கை பைக்கு மேலே வரை போனது.

அப்போது, பார்த்தே இராத அந்த டிரைவரின் மனைவி ஞாபகத்துக்கு வந்தாள். நர்ஸைத் தள்ளிவிட்டுத் தன் கையாலேயே தண்ணீர் கொடுக்கிறவள். அவளும் தன்னைப் போல ஒரு பொறாமைக்காரிதான். அவள் புருஷனுக்கு வேலை செய்யாத மருந்தல்லவா தொடர்ந்து ஏறப்போகிறது!

தட்டுகளோடு ஓடினாள். புயல்கூட அந்த வேகத்தில் ஓடியிருக்க மாட்டாள்.

"ஆமா டாக்டர், அதையே தொடரலாம்..." என்று கணவன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சொல்லாதே! தப்பு! நிறுத்தச் சொல்லு!"

அவன் திரும்பிப் பார்த்தான். ஒரு வாரத்துக்கு அப்புறம் வந்த ஒருமை. அதிலேயே அவனுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. "ஒரு நிமிஷம் டாக்டர்" என்றான்.

தட்டுகளை மேசையில் வைத்தாள். "மூடி மாறிப்போச்சு. நான்தான் மூடியில எழுதிட்டேன். சாதுவையும் பாக்கல. புயல் சொன்னதுதான் சரியா இருக்கும்."

"மூடியிலயா? நீயா?"

"நான்தான். நீ பிஸ்கட் கொடுத்துக்கிட்டிருந்தே."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் போனில் சரியாகச் சொன்னான்: "டாக்டர், எங்க பக்கம்தான் தப்பு. பெரிய மருந்தை நம்ப வேணாம். மறுபடி ஒரு தடவை பார்த்து நாளைக்கு உறுதியா சொல்றோம். அதுவரை காத்திருக்காம நீங்க மாத்திடுங்க."

வாசலில் புயல் ஈர முகத்தோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்றாள் இவள்.

புயல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மூடிக்கு ஏது அக்கா சொந்த ஊரு? இதையே நான் செஞ்சிருந்தா என்னை உப்புக்கண்டம் போட்டிருப்பீங்க."

"போட்டிருப்பேன்."

"அப்புறம் அந்த பிஸ்கட்..." புயல் அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். "அவர் எங்க கொடுத்தார்? நானா பிடுங்கினேன். இவரு கொடுக்கற ஆளா?"

"அது என்னமோ நிஜம்தான்" என்றாள் மனைவி. சிரிப்பு வந்துவிட்டது. எரிச்சலும் கூடவே இருந்தது.

அன்றே சோதனையைத் திரும்ப வைத்தாள். ஜன்னலோர மேசையில் நாற்காலியை நகர்த்திப் புயல் பாதி இடம் விட்டாள், பாதிதான். தட்டின் அடியில் இவள் பெயர் எழுதி முடித்ததும், புயல் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்து, "எழுதியிருக்கு அக்கா" என்றாள். இவளுக்கு அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. ஆனால் பார்த்தது சரிதான்.

மறுநாள் சாது தட்டில் வளையம் நிலா மாதிரி இருந்தது. டிரைவர் தட்டில் கிருமி வில்லைவரை முட்டி நின்றது. மற்ற ஆறு நாடுகளுக்கும் எச்சரிக்கை அனுப்ப உட்கார்ந்த கணவன், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்: "யார் பேரை முதல்ல போடறது?"

இவள் டிரைவர் தட்டைக் கவிழ்த்து, அடியில் இருந்த பெயரை ஒரு தடவை பார்த்தாள்.

"அவ பேரைத்தான்" என்றாள் இவள். "கண்டுபிடிச்சது அவதானே?"

சொல்லி முடிப்பதற்குள் அடிவயிற்றில் அந்தத் தீக்குச்சி மறுபடி கிழிபட்டது. பட்டால் படட்டும் என்று நின்றாள்.

சில நாள் கழித்து வார்டு டாக்டர் பேசினார். கிட்னியைத் தினமும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது, ஆனால் காய்ச்சல் இறங்கிவிட்டது என்றார். டிரைவர் எழுந்து உட்கார்ந்து நர்ஸிடம் ஏதோ ஜோக் சொன்னாராம். அவர் மனைவி அன்று முழுக்க அவரோடு பேசவில்லையாம்.

"என்ன கொழுப்பு பாரு அந்த ஆளுக்கு!" என்றாள் இவள். "எழுந்ததும் முதல் ஜோக் நர்ஸ்கிட்டயா?"

கணவன் பையிலிருந்து கிரீம் பிஸ்கட்டை எடுத்து, உடைக்காமல் முழுசாக அவள் பக்கம் நகர்த்தினான்.