பாய் கடையில தின்னாத பரோட்டா

எங்க கபடி டீமுக்கு நான்தான் கேப்டன். பேரு அப்சானா, ஊரு கோரிப்பாளையம். இடது மூலையில நின்னு நான் ஒரு காலைப் பிடிச்சேன்னா அந்தக் கால் கோட்டுக்குத் திரும்பாது. பெருமையாத்தான் சொல்றேன், என்ன இப்போ? ஆனா பிடிச்சு மட்டும் ஜெயிக்க முடியாதுல்ல, எதிராளி பக்கம் பாடிப் போய் தொட்டு பாயிண்டு எடுத்துட்டு வர ஆள் வேணும். அந்த ஆள் தாமரைச்செல்வி. திருவாதவூர்க்காரி, என் வயசுதான்.

இந்த ரம்ஜான் மாசத்துல மதுரையில பெரிய போட்டி. ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்குறவங்க ஃபைனலைப் பாக்க வாராங்கன்னு தெரிஞ்சதும் தாமரை எங்க வீட்டுலயே தங்கி பிராக்டீஸ் பண்ணுனா. எடுத்துட்டா வேலை. இல்லைன்னா வைகாசியில கல்யாணம்னு அவ அப்பா மொக்கையன் முடிவே பண்ணிட்டாரு.

போட்டியன்னைக்குக் காலையில செமிஃபைனல், சாயங்காலம் ஃபைனல். முதல் பாதியில பிச்சு உதறுனா. ரெண்டாவது பாதியில கால் பின்னுது, கண்ணு சொருகுது. எப்படியோ நான் பிடிச்சுப் பிடிச்சே கரை சேத்தேன். கோச் அழகுபாண்டி அண்ணே, புள்ளைக்குக் கண்ணு பட்டுருச்சுன்னு எலுமிச்சம்பழம் தேடிப் போயிட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம். நோன்பு வச்ச நானே நிக்கிறேன், இவளுக்கு என்ன கேடு?

தினமும் மத்தியானம் எங்கடி சாப்பிடுறன்னு கேட்டேன். உங்க தெருமுனை பாய் கடையில பரோட்டான்னா. அங்கதான் மாட்டுனா. நோன்பு மாசத்துல சாயங்காலம் வரைக்கும் அந்தக் கடையில அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க.

அம்மா சோறு போடக் கூப்பிட்டப்பவும் வெளிய சாப்பிட்டேன்னே சொல்லியிருக்கா. வீடே நோன்பா இருக்கு, நாம மட்டும் எப்படித் திங்கிறதுன்னு ஒரு வாரமா பகல்பூரா பட்டினி. ராத்திரி எங்களோட திங்கிறதோட சரி. கேட்டதும் கோவத்துலயே எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"நான் விடியுறதுக்கு முன்னாடியே சஹருக்கு எந்திரிச்சு தட்டு நிறைய தயிர்சோறு தின்னுட்டுல்லடி நோன்பு வைக்கிறேன்? நீ இழுத்துப் போத்தித் தூங்கிட்டு வெறும் வயித்தோட பாடப் போவியா? திங்கிற சோறுதான் தசைக்குள்ள சேந்து கிடந்து நம்மள ஓட வைக்குது. அது தீந்துருச்சுன்னா எம்புட்டுத் திறமை இருந்தும் கால் வராது."

"உன் முன்னாடி எப்படி அப்சு திங்கிறது?"

"என் முன்னாடிதான் திங்கணும்."

இட்லி வாங்கியாரச் சொல்லி, சீனி தொட்டு நானே ஊட்டிவிட்டேன். அழுதுக்கிட்டே தின்னா. அழு, ஆனா மென்னு முழுங்குன்னேன். அழகுபாண்டி அண்ணே தெம்புக்குன்னு மட்டன் சுக்காவோட வந்தாரு. அது செரிக்கிறதுக்குள்ள ஃபைனலே முடிஞ்சிரும்ணே, ஜெயிச்சப்புறம் பாத்துக்கலாம்னு வாங்கி ஓரமா வச்சேன். கொஞ்சம் தூங்க வச்சு, ஃபைனலுக்கு முன்னாடி வாழைப்பழமும் சீனி உப்பு கலந்த தண்ணியும் கொடுத்தேன்.

ஃபைனல் முடியப் போற நேரம், நாங்க ஒரு பாயிண்டு பின்னாடி. கடைசியாப் பாடிப் போனது தாமரை. மூணு பேர் மேல விழுந்து அமுக்கிட்டாங்க. காலையிலன்னா அதோட கதை முடிஞ்சிருக்கும். இப்ப அந்த மூணு பேரையும் சேத்து இழுத்துக்கிட்டு வந்து கை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுட்டா. மூணு பாயிண்டு, ஜெயிச்சாச்சு! நான் கத்துன கத்துல எனக்கே காது அடைச்சிருச்சு.

கம்பெனிக்காரங்க வந்து, திங்கக்கிழமையே சேரணும், அந்தப் பொண்ணு எங்கன்னு என்னைக் கேட்டாங்க. பாத்தா ஆளைக் காணோம். பள்ளிவாசல்ல நோன்பு திறக்குற பாங்கு சொல்ல ஆரம்பிச்சாச்சு. கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு, முட்டியில ரத்தத்தோட ஓடி வாரா. ஒரு கையில தண்ணி, ஒரு கையில பேரீச்சம்பழம். வேலை கிடைச்சது கூட அவளுக்கு இன்னும் தெரியாது.

"வாயைத் திற"ன்னு ஊட்டிவிட்டா. அப்புறம் சொன்னா: "நாளைக்கு சஹருக்கு என்னையும் எழுப்பு அப்சு. நோன்புக்கு இல்ல, சோத்துக்கு."