ஒச்சம்மா விடாதே

ஊரெல்லாம் ரீல் விடுவார்கள், புருடா விடுவார்கள். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் எங்கள் பனியன் கம்பெனியில் மட்டும் ஒச்சம்மா விடுவார்கள். லேட்டாக வந்து பஸ் பஞ்சர் என்றாலும், ஒரே பெரியப்பாவை இரண்டாம் தடவை சாகடித்து லீவு கேட்டாலும், "ஒச்சம்மா உடாத" என்பதுதான் பதில். அந்த ஒச்சம்மா நான்தான்.

2004இல் உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், என் கேட் பாஸை ஆடு தின்றுவிட்டது என்று சூப்பர்வைசர் மாதவனிடம் சொன்னேன். சத்தியமாகத் தின்றது, டீக்கடை வாசலில், கையிலிருந்து பிடுங்கி. தையல் லைன் மொத்தமும் சிரித்தது. இரண்டு வருடத்தில் பீகார்க்காரர்கள்கூட அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டார்கள். அது ஒரு மனுஷியின் பெயர் என்பதே அவர்களுக்குத் தெரியாது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை, குழந்தைச் சட்டைக்குக் கழுத்து தைக்கும்போது என் ஊசி உடைந்தது. உடைந்த துண்டுகள் அத்தனையையும் நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். என்னிடம் இரண்டு துண்டு இருந்தது, முனை இல்லை. டப்பாவில் கிடக்கும் பழைய முனை ஒன்றை எடுத்து ஒட்டச் சொன்னார் மாதவன். எல்லோரும் செய்வதுதான். முனை தைத்துப் போட்ட சட்டைகளுக்குள் தெறித்திருக்கிறது, பண்டலைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

"சாயந்தரம் வண்டி போகோணும். ஒச்சம்மா உடாதம்மா" என்றார், என் முகத்தைப் பார்த்தே.

காந்தக் கட்டையை எடுத்துவந்து பண்டலை நானே பிரித்தேன். அறுபது சட்டை. ஒவ்வொன்றாகக் கழுத்து, தோள், கை என்று தடவினேன். மேனேஜரிடம் சொல்வேன் என்று மாதவன் கத்தினார். சொல்லட்டும். பிறந்த பிள்ளையின் கழுத்தில் குத்தினால் அது யாரிடம் போய்ச் சொல்லும்?

நாற்பத்தேழாவது சட்டையில் காந்தம் இழுத்தது. கழுத்து மடிப்புக்குள் முனை இருந்தது.

மாதவனுக்கு வேர்த்துவிட்டது. நோட்டை நீட்டினார், புது ஊசியையும் நீட்டினார். நான் வாங்கவில்லை. மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன.

"இது ஒச்சம்மாவா சார்? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

அவர் நின்றுபோன மெஷின்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இல்லீங்க. நெசந்தானுங்க" என்றார். எனக்கு அவர் 'ங்க' போட்டது அன்றுதான்.

"ஆடு தின்னதும் நெசந்தான். அதையும் சொல்லுங்க."

சொன்னார். அதற்கப்புறம்தான் ஊசியை வாங்கினேன்.